பனியின்மேல் ஒரு கறை

1911-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், சூரியன் தலைகாட்டாத அண்டார்க்டிக் குளிர்காலத்தின் நடுவில், எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கேரார்ட் என்ற மூவர், காப்டன் ஸ்காட்டின் முகாமை விட்டுப் புறப்பட்டு, சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்த குரோசியர் முனையை நோக்கி, சாமான் ஏற்றிய சறுக்குவண்டிகளைத் தாமே இழுத்துக்கொண்டு இருளில் நடந்தார்கள். சக்கரவர்த்திப் பெங்குவின் என்னும் பறவை அந்த முனையருகே உறைந்த கடலின்மேல் முட்டையிடுகிறது என்ற செய்தியும், அதன் கருவை ஆராய்ந்தால் பறவைக் குலத்தின் ஆதி வரலாறு துலங்கும் என்ற நம்பிக்கையுமே அவர்களை இழுத்துச் சென்றன. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே அறுபது டிகிரி செல்சியஸுக்கும் இறங்கிற்று. புயல் ஒன்று அவர்களுடைய கூடாரத்தையே பிடுங்கிக்கொண்டு போயிற்று; தெய்வாதீனமாக அது பிறகு அகப்பட்டது. ஐந்து வாரம் கழித்து அவர்கள் முகாம் திரும்பியபோது, எடுத்த ஐந்து முட்டைகளில் மூன்றே உடையாமல் மிஞ்சியிருந்தன. மறு ஆண்டு தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் வில்சனும் பவர்ஸும் ஸ்காட்டுடன் பனியில் மாண்டுபோனார்கள்.

ஒரு கடற்பறவையைப் பற்றி ஏதேனும் ஒன்று தெரிந்துகொள்ள மனிதன் கொடுக்கவேண்டியிருந்த விலை அது. கடற்பறவைகளின் சுபாவமே அப்படி; வாழ்நாளின் பெரும்பகுதியைக் கரையே தெரியாத சமுத்திரத்தில் கழித்துவிட்டு, முட்டையிடவும் குஞ்சு வளர்க்கவும் மட்டும், எலியும் பூனையும் மனிதனும் எட்டாத பாறைத்தீவுகளையும் பனிப்பரப்புகளையும் தேடிவரும் பிராணிகள் அவை. உலகில் ஏறத்தாழ 360 வகைக் கடற்பறவைகள் இருக்கின்றன. அவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை அழிவின் அபாயத்தில் உள்ளன. 1950-க்கும் 2010-க்கும் இடையே இப்பறவைகளின் தொகை எழுபது விழுக்காடு குறைந்துவிட்டதென்று கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் வெளியிட்ட மதிப்பீடு பலரையும் திடுக்கிட வைத்தது. ஆனால் அந்த மதிப்பீட்டுக்கு ஆதாரமான கணக்குகள் உலகக் கடற்பறவைத் தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே தழுவியவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மீதி நான்கு பங்குக்குத் தொடர்ந்து எடுத்த கணக்கே இல்லை. எத்தனை இருந்தன என்று தெரியாத ஒன்று எத்தனை குறைந்தது என்று எவரால் சொல்ல முடியும்? கணக்கில் வராத பறவை அழிந்தால், அந்த அழிவும் கணக்கில் வராமலே போகும்.

இந்த நிலையை மாற்றிய சம்பவங்களுள் முதன்மையானது, பனியின்மேல் படிந்த ஒரு கறையைக் கண்டறிந்ததாகும். பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வுக் கழகத்தில் வரைபடப் பணி செய்துவந்த பீட்டர் ஃப்ரெட்வெல், லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுத்த படங்களில், கரையோரக் கடற்பனியின் தூய வெண்மைக்கு நடுவே செம்பழுப்பான திட்டுகள் இருப்பதைக் கண்டார். அந்தப் படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் பதினைந்து முதல் முப்பது மீட்டர் அகலமுள்ள சதுரம். ஆள் நின்றாலே தெரியாத இடத்தில் பறவை தெரிவது எங்கே? ஆனால் எட்டு மாத காலம் ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே இடத்தில் நின்று கழித்த எச்சம் தெரிந்தது. கடற்பனியின்மேல் கூட்டமாக இத்தனை மாதம் தங்கிக் குஞ்சு பொரிப்பது சக்கரவர்த்திப் பெங்குவின் ஒன்றே. ஆகவே கடற்பனியில் பழுப்புக் கறை உண்டென்றால் அங்கே அந்தப் பறவை உண்டென்று தயங்காமல் சொல்லிவிடலாம். ஃப்ரெட்வெல்லும் அவருடைய சகா ஃபில் டிராத்தனும் 2009-இல் இந்த முறையில் கண்டத்தின் கரையைச் சுற்றிலும் தேடி, 38 இடங்களைக் கண்டார்கள். அவற்றுள் பத்து, அதுவரை எவருக்கும் தெரியாதவை.

கறை இடத்தைக் காட்டிற்று, தொகையைக் காட்டவில்லை. அதற்கு இன்னும் கூர்மையான கண் வேண்டியிருந்தது. தரையில் சுமார் அறுபது சென்டிமீட்டர் அளவையும் பிரித்துக்காட்டும் வர்த்தகச் செயற்கைக்கோள்களின் படங்களை வாங்கி, கம்ப்யூட்டருக்கு முன் அமர்ந்து, இது பனி, இது பனிமேட்டின் நிழல், இது எச்சம், இது பறவை என்று ஒவ்வொரு நிறத்தையும் அதற்குப் பழக்கிவைத்தார்கள். இந்த நான்கில் மிகவும் தொல்லை கொடுப்பவை நிழலும் எச்சமுமே. கருத்த முதுகோடு நெருக்கியடித்து நிற்கும் பறவைக் கூட்டம் வானிலிருந்து பார்க்கையில் கருமையான ஒரு திட்டு. பக்கத்துப் பனிமேட்டின் நிழலும் கருமையே. பழைய எச்சமோ பழுப்பும் கருமையும் கலந்தது. இவற்றைப் பிரித்த பிறகே, பறவைத் திட்டின் பரப்பை அளந்து, தரையிலும் விமானத்திலும் முன்பே எடுத்த கணக்குகளோடு ஒப்பிட்டு, பரப்பைத் தொகையாக மாற்ற முடிந்தது. 2012-இல் வெளிவந்த முடிவு: 46 குடியிருப்புகள், 2,38,000 ஜோடிகள், ஏறத்தாழ 5,95,000 பறவைகள். அதற்கு முன் நம்பிவந்த தொகையைப்போல் இது ஏறக்குறைய இரு மடங்கு. இதைப் படித்துவிட்டுப் பெங்குவின்கள் பெருகிவிட்டன என்று மகிழ்ந்தவர்கள் உண்டு, அது பிழை. பெருகியது நம் அறிவுதான். பறவைகள் எப்போதும் அங்கேயே இருந்தன. ஓர் இனம் முழுவதையும் விண்ணிலிருந்து எண்ணி முடித்த முதல் முயற்சி இதுவே.

அந்த அறிவு வந்தது நல்ல காலத்தில் என்றுதான் சொல்லவேண்டும். சக்கரவர்த்திப் பெங்குவினின் குடும்ப வாழ்க்கை முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. மே, ஜூன் மாதங்களில் இட்ட முட்டையை ஆண்பறவை இரண்டு மாதத்துக்கு மேல் பாதங்களின்மேல் ஏந்திப் பட்டினி கிடந்து பொரித்து, பிறகு தாயும் தந்தையும் மாறிமாறி இரை கொணர்ந்து வளர்த்த குஞ்சுக்கு, பஞ்சு போன்ற மயிர் உதிர்ந்து நீர் ஒட்டாத சிறகு முளைப்பதற்கு டிசம்பர் மாதம் ஆகிவிடும். அதுவரை காலடியில் உள்ள கடற்பனி உடையாமல் இருக்கவேண்டும். முன்னதாக உடைந்தால் குஞ்சுகள் நீரில் விழும். நனைந்த மயிரோடு அவை பிழைப்பதில்லை. வெட்டல் கடற்கரையில் ஹாலி விரிகுடாக் குடியிருப்பு, ஆண்டுதோறும் 14,000 முதல் 25,000 ஜோடிகள் கூடும், உலகில் இரண்டாவது பெரிய குடியிருப்பாக இருந்தது. 2016-இல் புயலால் அங்குக் கடற்பனி பருவத்துக்கு முன்பே உடைந்தது. அந்த ஆண்டின் குஞ்சுகள் அனைத்தும் போயின. 2017-இலும் 2018-இலும் அதுவே நடந்தது. செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்க்கிறவனுக்கு, பழுப்புத் திட்டு ஒன்று சிறுத்துக்கொண்டே வந்து மறைவது மட்டும் தெரியும், ஓலம் கேட்பதில்லை. ஆனால் அதே படங்களில், ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தெற்கே டாசன்-லாம்டன் பனியாற்றருகே இருந்த சிறு குடியிருப்பு பத்து மடங்குக்கு மேல் பெருத்திருப்பதும் தெரிந்தது. வீடிழந்த பறவைகளில் ஒரு பகுதியேனும் வேறிடம் தேடிக்கொண்டன என்ற ஆறுதலையும், அது ஒரு பகுதியே என்ற துயரத்தையும் அந்தப் படங்களே தந்தன.

2022-இல் பெல்லிங்ஸ்ஹாசன் கடலோரம் நடந்தது இதைவிடக் கொடியது. அங்குள்ள ஐந்து குடியிருப்புகளில் நான்கு, நவம்பர் மாதத்திலேயே பனி கரைந்ததால் குஞ்சுகளை ஒட்டுமொத்தமாக இழந்தன என்று ஐரோப்பிய நாடுகளின் சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்களைக் கொண்டு ஃப்ரெட்வெல் குழுவினர் மறு ஆண்டு எழுதினார்கள். ஒரு பிரதேசம் முழுவதும் ஒரே பருவத்தில் தோற்றுப்போனது அறியப்பட்டது அதுவே முதல் தடவை. கப்பல்கள் அரிதாகவே அணுகும் கரை அது. வானில் அந்தக் கண் இல்லாதிருந்தால் இச்செய்தியை எவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதே 2022-இல் அமெரிக்க அரசு இப்பறவையைச் சட்டப்படி அபாயத்துக்குள்ளான இனமாக அறிவித்தது.

கண்காணிப்பு இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சியம் நம் இந்து மகாசமுத்திரத்தின் தென்கோடியிலேயே இருக்கிறது. பிரான்ஸ் நாட்டுக்குச் சொந்தமான குரோசே தீவுக்கூட்டத்தில் பன்றித் தீவு என்று பெயர்கொண்ட ஒரு தீவு உண்டு. 1980-களில் அங்கே ஐந்து லட்சம் ஜோடி ராஜ பெங்குவின்கள் இருந்தன. அந்த இனத்தின் மிகப் பெரிய குடியிருப்பு அதுதான். 1982-க்குப் பிறகு நெடுங்காலம் ஆராய்ச்சியாளர் எவரும் அங்கே கால் வைக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஆன்ரி வைமெர்ஸ்கிர்ஷ் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் செயற்கைக்கோள் படங்களையும் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படங்களையும் பழைய படங்களோடு வைத்துப் பார்த்தபோது, பறவைகள் நின்ற வெற்றுத் தரையின் ஓரங்களைப் புல்லும் செடியும் மூடிக்கொண்டு உள்ளே வந்திருப்பது தெரிந்தது. மிஞ்சியவை 60,000 ஜோடிகள். பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவாகப் போய்விட்டது. போகும்போது பார்த்தவர் ஒருவருமில்லை.

எதிர்மாறான கதையும் ஒன்று உண்டு. அண்டார்க்டிக் தீபகற்பத்தின் வடமுனையில், கடற்பனி சூழ்ந்து கப்பல்களை அண்டவிடாத அபாயத் தீவுகளில் எச்சக் கறைகள் மிகுதியாக இருப்பதை ஹீதர் லின்ச்சும் மாத்யூ ஷ்வாலரும் லேண்ட்சாட் படங்களில் கண்டார்கள். 2015 டிசம்பரில் குழு ஒன்று நேரில் போய், சில இடங்களில் கையால் எண்ணியும், சில இடங்களில் ட்ரோன் பறக்கவிட்டுப் படமெடுத்தும் கணக்கிட்டபோது, 7,51,527 ஜோடி அடேலி பெங்குவின்கள் இருந்தன. தீபகற்பத்தின் மற்ற எல்லா இடங்களையும் கூட்டினாலும் அவ்வளவு இல்லை.

தூரத்திலிருந்து எண்ணுவதை வெறும் சௌகரியம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில் அது சௌகரியத்தினும் மேலான ஒரு கடமை. ஏனென்றால் நாம் அருகில் போவதே பல சமயங்களில் தீங்காக முடிந்திருக்கிறது. பல ஆண்டுக்காலம் பெங்குவினை அடையாளம் காண அதன் துடுப்புச் சிறகில் உலோகப் பட்டை மாட்டிவந்தார்கள். குரோசேயில் நூறு ராஜ பெங்குவின்களை எடுத்துக்கொண்டு, ஐம்பதுக்குப் பட்டை மாட்டி, ஐம்பதை மாட்டாமல் விட்டு, பத்து ஆண்டு பார்த்த பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2011-இல் சொன்ன முடிவு இது: பட்டை அணிந்தவை 39 விழுக்காடு குறைவாகவே குஞ்சு வளர்த்தன, பிழைத்திருக்கும் வாய்ப்பும் 16 விழுக்காடு குறைந்திருந்தது. நீந்தும்போது பட்டையால் நீரின் இழுவை கூடும், அதனால் இரைதேடும் பயணம் நீளும், குஞ்சு காத்துக்கிடக்கும். பறவையைக் காப்பதற்காக அறிய முயன்ற அறிவே பறவையை வாட்டியிருக்கிறது என்பதையும், அந்தப் பட்டைகளை நம்பி எழுதிய கணக்குகளெல்லாம் பட்டையின் தீங்கையும் சேர்த்தே அளந்திருக்கின்றன என்பதையும் அந்த ஆய்வு பிரத்தியட்சமாகக் காட்டியது. இன்று தோலுக்கடியில் ஒரு கிராமுக்கும் குறைந்த சில்லு ஒன்றை வைத்து, பறவை நடந்துபோகும் பாதையில் ஆன்டெனாவைப் புதைத்து, அது வந்து போவதைத் தானாகவே பதியவைக்கிறார்கள்.

கரையில் நிற்கும் பறவையை எண்ணுவது பாதி வேலைதான். கடலில் அது எங்கே போகிறது, அங்கே எதனால் சாகிறது என்பதே மறுபாதி. 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காகப் பியேர் ஜுவான்தானும் வைமெர்ஸ்கிர்ஷும் குரோசேயின் திரியும் ஆல்பட்ராஸ் பறவைகளின் முதுகில் வானொலி அலைபரப்பிகளைப் பொருத்தி, ஆர்கோஸ் என்னும் செயற்கைக்கோள் ஏற்பாட்டின் மூலம் அவற்றைத் தொடர்ந்தார்கள். அடைகாக்கும் முறை மாறி இரைதேடப் புறப்பட்ட பறவை, ஒரே பயணத்தில் 3,600 முதல் 15,000 கிலோமீட்டர் வரை பறந்துவிட்டுக் கூட்டுக்குத் திரும்பிற்று. இந்த ஆர்கோஸ் கருவியைத் தாங்கிய செயற்கைக்கோள்களுள் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய சரல் ஒன்று. 2013 பிப்ரவரியில், பழவேற்காட்டுக்கு வடக்கேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது ஏவப்பட்டது. தென்சமுத்திரத்துப் பறவை ஒன்றின் இருப்பிடத்தை நம் கரையோரத்திலிருந்து போன ஒரு கருவி வாங்கிச் சொல்லியிருக்கிறது என்பதில் எனக்கு மனநிறைவு உண்டு.

ஆல்பட்ராஸின் வழித்தடத்தைக் கடலில் வரைந்து பார்த்தபோது அது மீன்பிடிக் கப்பல்களின் வழித்தடத்தோடு பின்னிக் கிடந்தது. நம் மீனவர்கள் ஆயிரங்கால் தூண்டில் என்று சொல்வதன் ராட்சத வடிவத்தை அந்தக் கப்பல்கள் விடுகின்றன. ஆயிரக்கணக்கான கொக்கிகளில் கோத்த இரை நீரில் அமிழுமுன் அதைக் கவ்வும் பறவை, கொக்கியோடு ஆழத்துக்கு இழுக்கப்பட்டு மூழ்கிச் சாகிறது. இரவில் தூண்டில் விடுதல், கயிறு விரைவில் அமிழப் பாரம் கட்டுதல், பறவைகளை விரட்டும் நாடாக் கயிறுகளைப் பறக்கவிடுதல் ஆகிய எளிய ஏற்பாடுகளால் இந்தச் சாவைப் பெரும்பாலும் தடுக்கலாம். ஆனால் ஒளிந்து மீன்பிடிக்கும் கப்பலை எவர் கட்டாயப்படுத்துவது? இதற்கும் பறவையே துணை வந்தது. 2018 கடைசியிலிருந்து ஆறு மாத காலம், 169 ஆல்பட்ராஸ்களின் முதுகில் கப்பலின் ராடார் அலையை உணரும் சிறு கருவிகளைப் பொருத்தி விட்டார்கள். தூரத்தில் தெரியும் கப்பலை நாடிப்போவது அப்பறவையின் வழக்கம். அது நெருங்கியவுடன் கருவி ராடாரை உணர்ந்து இடத்தைச் செயற்கைக்கோளுக்கு அறிவித்தது. இப்படி அகப்பட்ட 353 கப்பல்களில் கால் பங்குக்கு மேற்பட்டவை, தம் இருப்பிடத்தை அறிவிக்கும் அலைபரப்பை நிறுத்திவைத்திருந்தன.

ஆல்பட்ராஸ் பெரிய பறவை; பாரம் தாங்கும். வடதுருவ ஆலாவோ நூறு கிராம் எடையுள்ளது. அதன் காலில் 1.4 கிராம் எடையுள்ள ஒரு கருவியைக் கட்டினார்கள். அது வெளிச்சத்தையும் நேரத்தையும் மட்டுமே குறித்துவைத்தது. பகலின் நீளத்திலிருந்து எந்த அட்சரேகை என்றும், உச்சிப்பொழுது எப்போது வந்தது என்பதிலிருந்து எந்தத் தீர்க்கரேகை என்றும் கணிக்கலாம். பழைய மாலுமிகளின் கணக்குத்தான் அது. 2010-இல் வெளிவந்த அந்த ஆய்வில், கிரீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் கூடுகட்டிய பதினொரு ஆலாக்கள் அண்டார்க்டிக் கடல் வரை சென்று திரும்பியதில், ஆண்டுக்குச் சராசரி 70,900 கிலோமீட்டர் பறந்திருந்தன.

வானத்துக் கண்ணுக்கு எட்டாத பறவைகளும் இருக்கின்றன என்பதை இங்கே சொல்லவேண்டும். பெட்ரல் என்னும் சிறு கடற்பறவைகளில் பெரும்பாலானவை வளை தோண்டி மண்ணுக்குள் முட்டையிட்டு, வேட்டைப்பறவைகளுக்கு அஞ்சி நள்ளிரவில் மட்டும் வந்துபோகும். பகலில் அந்தத் தீவைப் படமெடுத்தால் வெறும் புல்மேடுதான் தெரியும். நடந்து போனால் காலடியில் வளைகள் இடிந்துவிழும். அத்தகைய தீவுகளில் ஒலிப்பதிவுக் கருவிகளை நட்டுவைத்து, இரவெல்லாம் கேட்கும் கூவலைக் கொண்டு பறவைகள் இருப்பதையும் பெருகுவதையும் மதிப்பிடுகிறார்கள். அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில், தோல் வியாபாரத்துக்காக ஒரு காலத்தில் கொண்டுவந்து விட்ட நரிகளை ஒழித்த பிறகு, இரவுப் பறவைகளின் நிலையை அறிய இந்த முறையைக் கையாண்டார்கள். காதால் எண்ணும் கணக்கு இது. கண்ணால் எண்ணுவதைவிட நிச்சயம் குறைந்தது என்றாலும், பறவைக்கு நோவு இல்லாதது.

ட்ரோன் பற்றி என் மனம் அவ்வளவு எளிதில் சமாதானமாவதில்லை. அதன் திறமையில் சந்தேகமில்லை. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரருகே ஒரு கடற்கரையில், ஆலாக் கூட்டம் போல ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் வாத்துப் பொம்மைகளைப் பரப்பி, எத்தனை என்பதைத் தாங்கள் மட்டும் அறிந்துகொண்டு, அனுபவசாலிகளான பறவை ஆர்வலர்களை அழைத்து, தொலைநோக்கியால் எண்ணச் சொன்னார்கள்; ட்ரோன் எடுத்த படத்தையும் எண்ணினார்கள். 2018-இல் வெளியிட்ட முடிவின்படி ட்ரோனின் கணக்கு 43 முதல் 96 விழுக்காடு வரை அதிகத் திருத்தமாக இருந்தது. ஆனால் பொம்மை பயந்து பறப்பதில்லை. 2021 மே மாதம் கலிபோர்னியாவின் போல்சா சிகா சரணாலயத்தில் அனுமதியில்லாமல் எவரோ பறக்கவிட்ட ஒரு ட்ரோன் பறவைக் கூட்டத்தின் நடுவே விழுந்தபோது, சுமார் 3,000 ஆலாக்கள் மிரண்டு பறந்து திரும்பி வராமலே போயின. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட முட்டைகள் மணலில் அனாதையாகக் கிடந்தன. ராமர் பாலத்து மணல்திட்டுகளில் முட்டையிடும் ஆலாக்களும் இதே குடும்பம். அவையும் கூடென்று எதையும் கட்டாமல் வெறும் மணலிலேயே முட்டையை வைக்கின்றன. கருவி கையில் இருக்கிறது என்பதாலேயே அதைப் பறக்கவிடும் உரிமை வந்துவிடாது. உயரம், நேரம், பறவையின் பருவம் மூன்றும் அறிந்தவர்களுக்கே அந்த அனுமதி கொடுக்கப்படவேண்டும்.

தொலைவிலிருந்து பார்ப்பதன் பெரிய குறை மற்றொன்று: அது நேர்ந்ததைச் சொல்லும், ஏன் நேர்ந்தது என்பதைச் சொல்லாது. ஹாலி விரிகுடாவில் காரணமும் படத்திலேயே தெரிந்தது, பனி உடைந்ததை எவரும் காணலாம். பன்றித் தீவில் அப்படியில்லை. புல் வளர்ந்ததைப் படம் காட்டிற்று. நோயா, பசியா, கடலின் வெப்பம் மாறி இரை தூரமாய்ப் போனதா, பூனையும் எலியும் செய்த நாசமா, கூட்டம் மிஞ்சி நெருக்கடியானதா என்பதைக் காட்ட அதனால் ஆகவில்லை. ரத்தம் எடுத்துப் பரிசோதிக்க ஒரு கை வேண்டும். இறந்த பறவையின் எலும்பைப் புரட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். 2019 நவம்பரில், முப்பத்தேழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, ஒரு சிறு குழு அந்தத் தீவில் இறங்கிற்று. ஐந்தே நாட்கள் தங்கிற்று. நோய்தான் காரணம் என்று சொல்லத்தக்க சான்று அவர்களுக்கு அங்கே அகப்படவில்லை. ஆண்டுதோறும் விண்ணுக்குக் கண்களை அனுப்பப் பெரும்பொருள் செலவிடும் அரசுகள், அந்தக் கண்கள் ஒரு துயரத்தைச் சுட்டிக்காட்டிய உடனே, கற்றறிந்த நாலைந்து பேரை ஒரு கப்பலில் ஏற்றி அங்கே அனுப்பவும் பணம் ஒதுக்கிவைக்கவேண்டும்.